ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே செட்: திருவலம் சாலையில் எட்டு மாத அனுபவம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டுத் திருவலம் வழியாகக் காட்பாடிக்குத் திரும்புகிறவர்களுக்கு, அம்முண்டி சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்விளக்கு இல்லாமல், இருபுறமும் தோகை தொங்க, பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும் கரும்பு டிராக்டர், எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணை விட்டு அகன்ற பிறகுதான் நமக்குத் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறோம். என்னுடைய பன்னிரண்டு வயதான 350 சிசி வண்டியின் டிம் லைட்டோ, முன்சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி மஞ்சளாக ஒரு வட்டம் போட்டதோடு தன் கடமையை முடித்துக்கொண்டிருந்தது.

முதலில் நானும் எல்லோரையும் போல இணையத்தில் ஒரு எல்இடி பல்பு வாங்கினேன். வீட்டு வாசலில் எரியவிட்டபோது தெருவே வெளுத்தது. சாலையில் இறங்கியதும்தான் சங்கடம் புரிந்தது. ஹாலஜன் பல்பில் டிம் இழைக்குக் கீழே சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரும் வார்க்கப்படுகிறது. நான் வாங்கிய பல்பில் வெளிச்சம் தரும் எல்இடி சில்லுகள் அந்த இடத்தில் சரியாக அமையாததால், வெளிச்சம் புளியமரக் கிளைகளுக்கும் எதிரே வந்தவர்களின் முகத்துக்கும் போனதே தவிர, குழி இருக்கும் தரைக்கு வரவில்லை. மழை பெய்த ஓர் இரவில் அந்த நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் ஈரத் தார் முழுவதும் கருப்பாகிவிட, மறுநாளே கழற்றிவிட்டேன்.

காட்பாடியில் நான் வழக்கமாகப் போகும் சிறிய ஆட்டோ எலெக்ட்ரிக் பட்டறையில் 100/90 வாட் (பிரைட்/டிம்) பல்பு போட்டுத் தரச் சொல்லிக் கேட்டபோது, அங்கிருந்தவர் மறுத்துவிட்டார். "பல்ப மாத்தாதீங்க சார், முதல்ல பல்புக்குக் கரண்டு முழுசா வருதான்னு பாக்கலாம்" என்று மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.6 வோல்ட் இருந்தது. ஹெட்லைட் ஹோல்டரிலோ 11.9தான். மீதி, சாவி ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச், மெல்லிய பழைய ஒயர், பச்சை பூத்த கனெக்டர்கள் ஆகியவற்றில் வழியிலேயே கரைந்துபோயிருந்தது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்துவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த 1.7 வோல்ட்டின் அருமை விளங்கும்.

அவர் பொருத்திய ரிலே செட்டில் இரண்டு ரிலேக்கள் (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்கள்), ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ், தடித்த செம்பு ஒயர், தனி எர்த் ஆகியவை இருந்தன. பல்புக்குத் தேவையான 5 ஆம்பியர் இப்போது பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. கைப்பிடி ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்கிறது. செட்டுக்கு 450 ரூபாய், கூலிக்கு 250 ரூபாய். அதே 60/55 வாட் பல்புதான். மீண்டும் அளந்தபோது ஹோல்டரில் 13.3 வோல்ட் காட்டியது.

அன்றிரவே திருவலம் இரும்புப் பாலத்தைத் தாண்டி வந்தபோது வித்தியாசம் தெரிந்தது. வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளையை நோக்கி நகர்ந்திருந்தது. சாலையோர வெள்ளைக்கோடு, முன்பு ஊகித்துக்கொண்ட தூரத்தில் இப்போது கண்ணால் தெரிந்தது. முன்னே போகும் மாட்டு வண்டியின் சக்கரக் கட்டைகளைக்கூடப் பிரித்துப் பார்க்க முடிந்தது. நான் எதிர்பார்க்காத இன்னொரு நன்மையும் உண்டு: டிம்-பிரைட் ஸ்விட்ச் முன்போல் சூடாவதில்லை.

பட்டறையின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, பொருத்திய பிறகு அவர் எடுத்துக்கொண்ட அரை மணி நேரம். வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, என்னை மேலே உட்காரவைத்து, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகைச் சரிசெய்தார். ஆள் உட்காராமல் சரிசெய்தால், பின்பக்கம் அமுங்கியதும் வெளிச்சம் வானத்துக்குப் போய்விடும். இதைச் செய்யாத கடைகளே அதிகம் என்பது என் அனுபவம்.

குறைகளும் இல்லாமலில்லை. செட்டோடு வந்த ஹோல்டர் சாதாரண பிளாஸ்டிக். நான்காம் மாதத்தில் ஒரு பக்கம் உருகத் தொடங்கியதால் 120 ரூபாய் கொடுத்து செராமிக் ஹோல்டர் மாற்றினேன். டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றும்போது கண்சிமிட்டும் நேரத்துக்கு இருள் வந்து போகிறது. பழகிவிட்டது என்றாலும் வளைவில் மாற்றுவதைத் தவிர்க்கிறேன். முழு மின்னழுத்தம் கிடைப்பதால் பல்பின் ஆயுள் குறையும் என்பதும் உண்மையே; ஆகவே டூல்பாக்ஸில் ஒரு பல்பு துணியில் சுற்றிக் கிடக்கிறது. கண்ணாடியில் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கே சூட்டில் பல்பைக் கெடுத்துவிடும் என்பதால்தான் அந்தத் துணி.

ஃபியூஸ் பெட்டியின் மூடி மட்டும் இன்றுவரை சரியாக மூடவில்லை. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் நல்ல பெட்டியாக மாற்றித் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.