ரிட்டர்ன் டிக்கெட்டுக்குள் அடங்காத ஆபரேஷன்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் கணக்கு சுலபமாக இருந்தது. ஐந்து வார லீவு. முதல் வாரம் அம்மாவுக்கு ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன், மீதி நான்கு வாரம் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது. டொராண்டோவிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் போடும் கணக்குதான். பல், கண், முழங்கால் எதுவானாலும் ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

எங்கள் டொராண்டோ பக்கம் தோர்ன்ஹில்லில் ஹெர்னியாவுக்கென்றே ஷோல்டைஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது, 1945இல் தொடங்கியது. பெரும்பாலும் தொடைமடிப்பு ஹெர்னியாதான், வயிற்றுச் சுவருக்குத் தாங்கலாக வலை வைக்காமல் தையல் மட்டும். அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு ஹெர்னியா என்றாலே சின்ன வேலை என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்குப் பதினைந்து வருஷம் முன்பு கர்ப்பப்பையை எடுத்தார்கள். நடு வயிற்றில் நெட்டுக்குத்தாகத் தையல். அது உள்ளே விட்டுப்போய், நெல்லிக்காய் அளவு இருந்த வீக்கம் இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. கொசுவத்தை அதற்குக் கீழே இறக்கிச் செருகிக்கொள்வார். இருமல் வந்தால் கை தானாகப் போய் அணைத்துப் பிடிக்கும். "வலியே இல்ல கண்ணு, எதுக்கு வெட்டிக்கிட்டு" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்.

முதலில் போன இடத்தில் (பேர் வேண்டாம்) வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாளன்னைக்கு அட்மிட் ஆயிடுங்க, லேப்ராஸ்கோப்பிதான், சின்னத் துளை வழியா முடிஞ்சிடும், மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்." எனக்குத் தேனாக இருந்தது. அக்காதான் கோயம்புத்தூரில் இன்னொருவரிடமும் காட்டியே ஆக வேண்டும் என்று நின்றாள்.

அங்கே சர்ஜன் அம்மாவைப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார், இருமச் சொன்னார். அப்புறம் சி.டி. ஸ்கேன். ஸ்கேன் கவரின் பின்னாலேயே படம் போட்டுக் காட்டினார். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையின் அகலம் 13 சென்டிமீட்டர். 10ஐத் தாண்டினாலே பெரிது என்பார்களாம். "குடல் ரொம்ப வருஷமா வெளியிலயே குடியிருக்கு. உள்ள இருந்த இடம் சுருங்கிப்போச்சு. திணிச்சு மூடினா உதரவிதானம் மேல ஏறி மூச்சு முட்டும்." 23 கிலோ பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஜிப் போட்டிருக்கிற எனக்கு உடனே புரிந்தது.

அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.2. எட்டுக்குக் கீழே வராமல் கத்தி வைக்க மாட்டேன், வலை வைத்த இடத்தில் சீழ் பிடித்தால் பெரிய வம்பு என்றார். எடையும் குறைய வேண்டும். நான் டிக்கெட் தேதியை ஆரம்பித்தேன். "அது எனக்குத் தேவையில்லாத தகவல் மேடம்" என்றார். பொள்ளாச்சி வரும்வரை காரில் நான் யாரிடமும் பேசவில்லை.

மூன்று மாதம் நடை, களி, கீரை. சர்க்கரை 7.4க்கு வந்தது. ஏப்ரலில் வயிற்றின் இரண்டு பக்கத் தசைகளிலும் ஸ்கேன் பார்த்தபடி போடாக்ஸ் ஊசி. தசை தளர்ந்து நீள ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அப்புறம்தான் ஓட்டையின் இரு கரையையும் இழுத்துச் சேர்க்க முடியும். இன்சூரன்ஸ்காரர்களோ பில்லில் போடாக்ஸ் என்று பார்த்ததும் அழகு சிகிச்சை என்று தள்ளிவிட்டார்கள். அறுபத்தெட்டு வயசுப் பொம்பளைக்கு, அதுவும் வயிற்றில்! சர்ஜன் இரண்டு கடிதம் கொடுத்தும் அந்தப் பணம் வரவில்லை.

மே மாதம் மறுபடி போனேன். ஐந்தரை மணி நேர ஆபரேஷன். வயிற்றுச் சுவரின் பக்கவாட்டில் மூன்று அடுக்குத் தசை. அதில் உள்ளடுக்கான குறுக்குத் தசையை ஓரத்தில் விடுவித்துவிட்டால் பின்சுவர் நடுவுக்கு நகர்ந்து வருகிறது. 2012இல் நோவிட்ஸ்கி என்ற சர்ஜனின் குழுவினர் எழுதிய முறையாம். அதைத் தைத்து மூடி, தசைக்குப் பின்னால் 30க்கு 30 சென்டிமீட்டர் வலையை விரித்து, அதன் மேல் முன்பக்கத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு ராத்திரி ஐ.சி.யூ. அப்புறம் வார்டில் மூன்று பந்து ஊதும் கருவி. ஊதுவது இல்லை, உறிஞ்ச வேண்டும். அம்மா இரண்டு நாள் ஊதிக்கொண்டே இருந்தார். மூன்றாவது பந்து மேலே ஏறிய அன்று பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். வயிற்றிலிருந்து நீர் வடிய வைத்த குழாயின் பையில் சேர்கிறதைச் சிஸ்டர் காலையும் மாலையும் அளந்து எழுதுவார். அது குறைந்த பிறகே குழாயை எடுத்தார்கள். எட்டு நாளாயிற்று, வயிற்றுப் பெல்ட்டோடு வீடு. மே வெயிலில் அந்தப் பெல்ட்டுக்கு அம்மா விட்ட சாபத்தை இங்கே எழுத முடியாது.

மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நேற்று அக்கா போன் செய்தாள். கிரைண்டர் கல்லை அம்மா தானே கழற்றிக் கழுவி மாட்டியிருக்கிறார்.