ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஏரியா: மாவட்டமா, பின்கோடா, கிலோமீட்டரா?

கம்பெனியிடம் ஏஜென்சி எடுக்கும்போது மார்ஜின், டெபாசிட், கிரெடிட் நாள் என்று எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டுகிறவர்கள், ஏரியா என்ற இடத்தில் ‘மதுரை மற்றும் சுற்றுவட்டாரம்’ என்று அடித்திருந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் இன்னொரு ஏஜென்சியின் லைன் வண்டி, அதாவது கடை கடையாகச் சரக்கு போடும் வண்டி, திருமங்கலத்துக்குள் நுழையும்போதுதான் சுற்றுவட்டாரம் எதுவரை என்ற சண்டையே ஆரம்பிக்கும்.

மாவட்டம் என்று எழுதினால் சேல்ஸ் ரெப்பிலிருந்து வண்டி டிரைவர் வரை எல்லோருக்கும் புரியும். ஆனால் அரசாங்கம் கோட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். 1985-இல் திண்டுக்கல்லும் 1996-இல் தேனியும் மதுரையிலிருந்து பிரிந்து போனவைதான். மாநகராட்சி எல்லை இதைவிடச் சிக்கல்: 2011-இல் 72 வார்டு 100 ஆனபோது திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அதற்கு முன் ‘மாநகராட்சி எல்லை’ என்று எழுதி வாங்கியவருக்கு அவனியாபுரம் சேருமா, சேராதா? இரண்டு பக்கமும் வாதாடலாம். ‘கையெழுத்தான தேதியில் இருந்த எல்லைப்படி’ என்று ஒரு வரி இருந்திருந்தால் பேச்சே இல்லை.

பின்கோடு பில்லிங் சாஃப்ட்வேருக்கும் ஆன்லைன் ஆர்டருக்கும் தோதானது. ஆனால் தபால்காரர் போட்ட கோடு கலெக்டர் போட்ட கோடு இல்லை. 625531 தேனி, 625532 உசிலம்பட்டி, 625533 உத்தமபாளையம். நடுவில் இருப்பது மட்டும்தான் மதுரை மாவட்டம். ‘625-இல் தொடங்கும் எல்லாம்’ என்று எழுதினால் போடி, கம்பம் வரை உங்களுடையதாகிவிடும். தேனிக்காரர் சும்மா இருப்பாரா?

கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு பிரான்சைஸ் கடைகளுக்குச் சரி, லைன் வியாபாரத்துக்கு உதவாது. கடைக்கும் கூட, நேர்கோட்டிலா ரோட்டு வழியிலா என்று எழுத வேண்டும். நடுவில் வைகை ஓடும் ஊரில் பாலம் சுற்றி வந்தால் கணக்கே மாறிவிடும். கடையை இடம் மாற்றினால் வட்டமும் கூட நகருமா என்பதையும்.

என் ஓட்டு தாலுகா பட்டியலுக்கு: மேலூர், வாடிப்பட்டி, பேரையூர் என்று பெயர் பெயராக எழுதி, பக்கத்திலேயே பின்கோடுகள், இரண்டும் முட்டினால் எது செல்லும் என்று ஒரு வரி.

எந்தக் கோடு போட்டாலும் ‘எக்ஸ்குளூசிவ்’, அதாவது அங்கே உங்களுக்கு மட்டும்தான், என்று இல்லாவிட்டால், நீங்கள் அங்கே விற்கலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. அந்த வார்த்தை இருந்தாலும் ஓட்டை உண்டு. கம்பத்துக் கடைக்காரர் மதுரை கீழமாசி வீதிக்கு வந்து, மொத்தக் கடையில் நாலு பெட்டி வாங்கி லாரி சர்வீஸில் போட்டுவிட்டுப் போனால் அது யார் விற்பனை? தேடிப்போய் விற்பது, தேடி வந்தவருக்கு விற்பது, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கம்பெனி நேரடியாக சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஆன்லைனிலும் விற்பதையும்.

சட்டம் இந்த இடத்தை நிரப்பித் தராது. புத்தகம், பாட்டு போன்றவற்றின் பதிப்புரிமையை (காப்பிரைட்) எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் எல்லை விட்டுப்போனால் இந்தியா முழுக்க என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவே வைத்துக்கொள்கிறது. ஏஜென்சிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ‘இந்த ஏரியாவில் போட்டிச் சரக்கு விற்கக் கூடாது’ என்ற ஷரத்து, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு முன்னால் பெரும்பாலும் நிற்காது. ஒப்பந்தக் காலத்துக்குள் என்றால் பொதுவாக நிற்கும்.

‘ஸ்டாண்டர்டு ஃபார்மட் சார், மாத்த முடியாது’ என்பார்கள் கம்பெனியில். சரி, ஒப்பந்தத்தை அப்படியே இருக்க விடுங்கள். பட்டியலைத் தனி இணைப்பாக அடித்து, ஏரியா என்ற இடத்தில் ‘இணைப்பில் கண்டபடி’ என்று மட்டும் போடச் சொல்லி, இணைப்பிலும் இரண்டு பேர் கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள்.