வீட்டிலேயே கீட்டோன் பார்க்க மூன்று வழிகள்: எங்கள் டப்பாவில் எது இருக்கிறது, ஏன்?

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்தபோது வயது ஏழு. முதல் வருடம் கீட்டோன், அதாவது இன்சுலின் போதாதபோது உடம்பில் சேர்ந்து ஆபத்தாகிற பொருள், பார்க்க எங்களிடம் இருந்தது சிறுநீரில் நனைக்கும் ஸ்ட்ரிப் ஒரு பாட்டில் மட்டும்தான். ஒரு ராத்திரி அவளுக்கு வாந்தி, சுகர் 320. இரண்டு மணிக்கு கையில் டம்ளரோடு பாத்ரூமில் நிற்கிறேன். "வரலம்மா" என்று அழுகிறாள். மூன்று தடவை வாந்தி எடுத்து வறண்டுபோன உடம்பு, எங்கிருந்து வரும்? முக்கால் மணி நேரம் கழித்து வந்த கொஞ்சத்தில் ஸ்ட்ரிப்பை நனைத்து, பாத்ரூமின் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் பாட்டில் மேல் இருக்கிற வண்ணக் கட்டங்களோடு ஒட்டிப் பார்த்தோம். எனக்கு வெளிர் ரோஸாகத் தெரிந்தது. அவள் அப்பா கத்தரிப்பூ நிறம் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா வேண்டாமா என்பதே அந்த நிறத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். இன்சுலின் போதாதபோது உடம்பு சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கிறது. அதில் உண்டாகிற கீட்டோன்கள் மூன்று: அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட், அசிட்டோன். சிறுநீர் ஸ்ட்ரிப் பார்ப்பது முதலாவதை. ரத்தக் கருவி அளப்பது இரண்டாவதை. ஊதிப் பார்க்கும் கருவி தேடுவது மூன்றாவதை. மூன்று சோதனையும் மூன்று வெவ்வேறு பொருளைப் பார்க்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், எதை எப்போது நம்பலாம் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிறுநீர் ஸ்ட்ரிப்பின் வேதியியல் பழையது. உயிர்வேதியியல் லேபில் சிறுநீரில் கீட்டோன் தேடும் ரோத்தெரா சோதனை செய்தவர்களுக்கு அந்த ஊதா வளையம் ஞாபகம் இருக்கும். 1908ல் வந்த அந்த முறையில் ஊதா நிறம் தருகிற நைட்ரோபுருசைடு என்ற ரசாயனம்தான் இன்றைக்கும் ஸ்ட்ரிப்பின் நுனியில் இருக்கிறது. விலை குறைவு, ஊசி குத்த வேண்டாம், கருவி வேண்டாம். கீட்டோ-டயஸ்டிக்ஸ் மாதிரி இரண்டு கட்டம் உள்ளதில் சர்க்கரையும் சேர்ந்தே தெரியும். ஆனால் கடிகாரம் பார்க்க வேண்டும்: கீட்டோன் கட்டத்தை 15 நொடியில், சர்க்கரைக் கட்டத்தை 30 நொடியில் படிக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துப் பார்க்கிற நிறத்துக்கு அர்த்தமே கிடையாது.

அதைவிடப் பெரிய குறை, அது காட்டுவது பழைய சேதி. சிறுநீர்ப்பையில் சில மணி நேரமாகச் சேர்ந்திருப்பதைத்தான் நாம் சோதிக்கிறோம். கீட்டோன் அளவு மீறி ரத்தம் அமிலமாகிவிடுகிற டிகேஏ என்கிற ஆபத்தான கட்டத்தில் ரத்தத்தில் மலைபோல் ஏறுவது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட். அது இந்த ஸ்ட்ரிப்பின் கண்ணில் படவே படாது. இன்சுலின் போட்டு உடம்பு தேறி வரும்போது அது அசிட்டோஅசிட்டேட்டாக மாறுகிறது. அதனால் பிள்ளை தேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஸ்ட்ரிப் இன்னும் அடர்ந்த ஊதா காட்டும், நாம் பதறிப்போவோம். அதிக அளவு வைட்டமின் சி சாப்பிட்டிருந்தால் இருக்கிற கீட்டோனும் இல்லை என்று வரலாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் கேப்டோப்ரில் போன்ற சில மாத்திரைகள் இல்லாததை இருப்பதாகக் காட்டும்.

ரத்தக் கருவி வந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் காய்ச்சல். தூங்குகிறவளை எழுப்பாமலே விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், பத்து நொடி. 1.1 என்று எண் வந்தது. நிறத்துக்காக வாக்குவாதம் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தபடி இன்சுலினைக் கூட்டிப் போட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 0.5. போட்ட இன்சுலின் வேலை செய்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிட்டது. லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று கருவி காட்டும் எண்ணுக்குப் பொதுவான கணக்கு இது: 0.6க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 0.6 முதல் 1.5 வரை கவனம். 1.5 தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 3 தாண்டினால் நேராக ஆஸ்பத்திரிதான். 2006ல் வெளியான ஓர் ஆய்வில், டைப் 1 உள்ள 123 சிறுவர்களையும் இளைஞர்களையும் இரண்டாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்தார்கள். ரத்தத்தில் கீட்டோன் பார்த்தவர்கள் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது, சிறுநீரில் பார்த்தவர்களைவிட ஏறக்குறைய பாதிதான்.

விலைதான் நெஞ்சில் குத்துகிறது. ஒரு கீட்டோன் ஸ்ட்ரிப் காசில் சில சுகர் ஸ்ட்ரிப் வாங்கிவிடலாம். எல்லா சுகர் மெஷினும் கீட்டோன் பார்க்காது, அதற்கென்று இருக்கிற மாடல்தான் வேண்டும். மெஷினை வாங்குவதற்கு முன் அதன் கீட்டோன் ஸ்ட்ரிப் உங்கள் ஊர்க் கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் வாங்கிவிட்டு மூன்று வாரம் அலைந்தேன்.

ஊதிப் பார்க்கும் கருவியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஒருமுறை வாங்கினால் ஸ்ட்ரிப் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் ஊதுகிற விதம் மாறினால் எண்ணும் மாறும். மது, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எல்லாம் குழப்பும். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற பிள்ளையிடம் போய் ஒரே சீராக ஊது என்று எப்படிச் சொல்வது? இன்சுலின் போடுகிறவர்கள் இதை நம்பி இருக்கவே கூடாது. மூச்சில் பழ வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பதும் அப்படித்தான். சிலருடைய மூக்குக்கு அந்த வாடை தெரியவே தெரியாது.

பேலியோ, கீட்டோ உணவுமுறையில் இருக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சர்க்கரை நோய் இல்லை, மாத்திரை எதுவும் இல்லை, உடம்பு கொழுப்பை எரிக்கிற கீட்டோசிஸ் நிலைக்குள் போய்விட்டதா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் சிறுநீர் ஸ்ட்ரிப்பே தாராளம். ஆனால் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். இந்த மாத்திரையில் சுகர் 200க்குக் கீழே இருக்கும்போதே டிகேஏ வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015லேயே எச்சரித்தது. 2020ல் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து நம் ஊரில் ஏராளமானவர்கள் சாப்பிடுகிறார்கள். அதோடு டாக்டரிடம் சொல்லாமல் அரிசியை அறவே நிறுத்தினால் ஆபத்து கூடும். இவர்களுக்கு ரத்தப் பரிசோதனைதான் சரி. சுகர் நன்றாக இருக்கிறதே என்று வாந்தியை அலட்சியம் செய்யக் கூடாது.

எங்கள் டப்பாவில் இன்றைக்கு இரண்டும் இருக்கின்றன. பள்ளிப் பைக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் சிறுநீர் ஸ்ட்ரிப். காய்ச்சல், வாந்தி, காரணம் தெரியாமல் ஏறுகிற சுகர், இவற்றுக்கு ரத்த ஸ்ட்ரிப். சிறுநீர் ஸ்ட்ரிப் பாட்டிலைத் திறந்த அன்றே மூடியில் பேனாவால் தேதி எழுதிவிடுவேன், ஆறு மாதம் ஆனால் குப்பைக்கு. பாத்ரூம் அலமாரியில் வைப்பதில்லை, ஈரம் பட்டால் கெட்டுவிடும். ரத்த ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் தனித்தனி ஃபாயில் உறையில் வருவதால் அந்தக் கவலை இல்லை, உறையில் இருக்கிற தேதியைப் பார்த்தால் போதும். டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் டாக்டர் கையால் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. எந்த எண்ணுக்கு எத்தனை யூனிட், எப்போது கூப்பிட வேண்டும், எந்த நம்பருக்கு என்று. அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நிறுத்தக் கூடாது. வாந்தி நிற்கவில்லை என்றால் எண்ணைப் பார்க்காமல் கிளம்பி வாருங்கள்."