புது டயர் என்று தலையில் கட்டினார்கள்: கழற்றிப் போட்ட பழசைவிட அது கிழடு

மோட்டார்ஹோம் (உள்ளேயே கட்டில், அடுப்பு வைத்த வீட்டு வண்டி) வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், பழைய வண்டியை வாங்கி டயர் மாற்ற யோசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். ஆறு டயர்க் காசு போச்சு. ஒன்று இரண்டு இல்லை, ஆறு. மாட்டுக்கூலி, பேலன்சிங், பழைய டயரை அப்புறப்படுத்தக் கட்டணம் என்று தனித்தனியாகப் பில் போட்டுக் கறந்தது வேறு. ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டயரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். பெரிய டயர்க் கடை. ஒரே நேரத்தில் நாலு வண்டியைத் தூக்கும் லிஃப்ட், குளிரூட்டிய காத்திருப்பு அறை, சுவர் நிறைய கம்பெனி போர்டுகள். அந்த ரகம். மூலையில் இருக்கிற பஞ்சர் கடையில் கூட இந்த வேலை நடந்திருக்காது, அவருக்கு நாளைக்கும் என் முகத்தில் விழிக்க வேண்டுமே.

வண்டிக்கு முன்னால் இரண்டு டயர், பின்னால் ஜோடி ஜோடியாக நாலு. சைஸ் எல்டி 225/75ஆர்16, எல்டி என்றால் பாரம் சுமக்கும் வண்டிக்கான டயர். ஏற்கெனவே போட்டிருந்த டயர்களில் பட்டன் (தரையில் படும் பள்ளமும் மேடுமான பகுதி) அப்படியே இருந்தது, கைவிரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு ஆழம். ஆனால் ஆறு வயதாகிவிட்டது, சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், மெல்லிய கீறல்கள் ஓட ஆரம்பித்திருந்தன. மோட்டார்ஹோம் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேல்பரப்புக்குக் கசிந்து வந்து ஓசோனிலிருந்து அதைக் காக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்தக் காவல் கிடையாது, வெயில் தன் வேலையைப் பார்த்துவிடும். அதனால் பட்டனைப் பார்க்காமல் வயதைப் பார்த்து மாற்றலாம் என்று முடிவு செய்தேன். வயதுக்காக மாற்றினேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மலிவுக்கு ஆசைப்பட்டு ஏமாந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுத்தான் போனேன். 80 ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று விளம்பரம் செய்கிற டயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது எங்களுக்கு வீண். வருஷத்துக்கு எட்டாயிரம் ஓடினாலே பெரிய விஷயம். பட்டன் தேய்ந்து முடியப் பத்து வருஷம் ஆகும், ரப்பர் அதற்குள் செத்துவிடும். எங்களுக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம் இரண்டே இரண்டு: பாரம் தாங்கும் திறன், அண்மையில் தயாரான டயர். சரக்கு வேன் பாரத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். இது அப்படியில்லை. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பேட்டரி எல்லாவற்றையும் எப்போதும் சுமந்துகொண்டே நிற்கும். தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர் நிரப்பினால் அதுவே 100 கிலோ. இந்த இரண்டைச் சொல்லித்தான் டயர் கேட்டேன்.

கவுண்டரில் இருந்தவர் என்ன செய்தார் தெரியுமா? இருப்பதிலேயே மலிவான டயரை அவராகவே ஒதுக்கினார். "இதை உங்க வண்டிக்கு நான் போட மாட்டேன் மேடம். அளவு ஒண்ணுதான், ஆனா இது கார் டயர். லோடு இண்டெக்ஸ் 104 போட்டிருக்கு பாருங்க, 900 கிலோதான் தாங்கும். உங்களுக்கு 115/112 வேணும். தனியா ஓடுற டயர்னா 1215 கிலோ, ஜோடியில ஓடுறதுன்னா ஒண்ணுக்கு 1120." அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணும் சரி. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. அடுத்து, இருப்பதிலேயே விலை கூடினதையும் ஒதுக்கினார். "இது கம்பெனி பேருக்குக் குடுக்கிற காசு மேடம், உங்க ஓட்டத்துக்குத் தேவையில்ல." கடைக்காரனே பில்லைக் குறைக்கிறான் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? நடுவிலிருந்த ஒன்றைக் காட்டினார், நல்ல கம்பெனி, விலையும் நியாயம்.

தயாரான தேதியைக் கேட்டேன். வாய்விட்டு, தெளிவாகக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், ஸ்டாண்டில் நின்ற டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் சைடுவாலைத் துடைத்து நாலு இலக்கத்தைக் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். தயாராகி மூன்று மாதம் கூட ஆகவில்லை. பட்டன் மேல் ஒட்டிய காகித ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது, புது டயரில் இருக்கும் ரப்பர் முடி விரலில் குத்தியது. "லாட் முழுக்க இதேதான் மேடம், கண்ணை மூடிட்டு ஓட்டுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்ன அந்த வாய்க்கு ஆறு டயர்க் காசையும் முன்பணமாகவே கட்டினேன்.

மாட்டும்போது பார்க்கிறேன் என்றதற்கு, வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது, இன்சூரன்ஸ் விதி என்றார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். வண்டி வெளியே வந்தபோது டயரெல்லாம் கறுப்பு பாலிஷ் அடித்துப் பளபளவென்று இருந்தது. "பாலிஷ் ஃப்ரீ மேடம்." ஏன் ஃப்ரீ என்று இப்போது புரிகிறது.

அப்புறம் நடந்தது. கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே ஆறிலும் காற்று அளந்து எழுதி வைத்திருக்கிறேன், அது என் வழக்கம். நெடுஞ்சாலையில், வேகமும் அதிகமில்லை. பின்பக்கம் இடதுபுறம் தரைக்கு அடியில் தட் தட்டென்று ஒரு சத்தம். ஓரங்கட்ட விளக்கைப் போடுவதற்குள் வெடித்தது. ஜோடியில் உள்பக்க டயர். பட்டன் பட்டை முழுசாக உரிந்து சுழன்று அடித்ததில் சக்கரத்துக்கு மேலிருந்த தகடு கிழிந்து, கழிவுநீர்க் குழாய் உடைந்து, பின்விளக்கு ஒயரும் அறுந்துபோனது. ஜோடியில் ஒன்று போனால் மற்றதன் தலையில் இரண்டு டயரின் பாரமும் விழும், அதுவும் சேர்ந்து வெடிக்காமல் விட்டது யார் செய்த புண்ணியமோ. உள்ளே அம்மா இருந்தார். அதை எழுத இப்போது தெம்பில்லை.

உதவிக்கு வந்த மெக்கானிக் வெளிச்சக்கரத்தைக் கழற்றி, உள்சக்கரத்தை இழுத்துப் போட்டு, கந்தல் துணியால் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை எப்பம்மா வாங்கினீங்க?"

3117. 2017ஆம் வருஷம், 31ஆவது வாரம். நான் வாங்கின அன்றே அதற்கு ஏழு வயது தாண்டிவிட்டது.

விஷயம் இதுதான். தேதியோடு கூடிய முழுக் குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மறுபக்கத்தில் எழுத்துகள் பாதியிலேயே நின்றுவிடும், தேதி இருக்காது. ஆறு டயரையும் தேதி கண்ணில் படாத மாதிரி மாட்டியிருக்கிறார்கள். முன் டயர் இரண்டிலும் தேதி வண்டிக்கு அடிப்பக்கம் பார்த்து. பின்னால் ஜோடிக்கு நடுவே, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. சக்கரத்தைக் கழற்றாமல் எவனும் பார்க்க முடியாது. ஒன்று அப்படி அமைந்தால் தற்செயல், ஆறுமா? மெக்கானிக் மண்ணில் படுத்து, போன் கேமராவை இடுக்கில் நீட்டி ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். 3117, 4416, 0517... மூன்று வெவ்வேறு தேதிகள், "லாட் முழுக்க இதேதான்"!

நான் வயதாகிவிட்டது என்று கழற்றிப் போட்ட பழைய டயரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். 1819, அதாவது 2019ஆம் வருஷம், 18ஆவது வாரம். காசு கொடுத்து என் டயரைவிடக் கிழட்டு டயரை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். போதாததற்கு, பில்லில் உலோக வால்வு என்று காசு வாங்கிவிட்டு மாட்டியிருப்பது சாதாரண கார் ரப்பர் வால்வு. அது 65 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வரைக்கும்தான். இந்த டயருக்கு முழுப் பாரத்தில் 80 பிஎஸ்ஐ அடிக்க வேண்டும். இதையும் அந்த மெக்கானிக்தான் காட்டினார்.

கடைக்குப் போன் போட்டேன். மேனேஜர் லீவு. மறுநாளும் லீவு. அடுத்து எடுத்தவர், "காத்து கம்மியா ஓட்டியிருப்பீங்க" என்றார். எழுதி வைத்த அளவை அனுப்பினேன். "அப்ப ஓவர்லோடு." எடைமேடைச் சீட்டு இருக்கிறது, ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியாக எடை போட்டது, அதையும் அனுப்பினேன். "ரோட்டுல ஏதாவது குத்தியிருக்கும்." ஆறு டயரிலும் தேதியை மறைத்தது ரோட்டில் கிடந்த ஆணியா என்று கேட்டேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது பாருங்கள்: "வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்." லோடு இண்டெக்ஸ் முதல் வால்வு வரை பேசினது நான், காசு கட்டினது நான், வெடித்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். பதில் சொல்ல மட்டும் ஜென்ட்ஸ் வேண்டுமாம்.

நேரில் போனேன். மேனேஜர் லீவிலிருந்து வந்திருந்தார். "ஓடாத டயர் புது டயர்தான் மேடம். குடோன்ல இருந்தா வயசாகாது." வெயில் படாத இடத்தில் மெதுவாகக் கெடும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் சோதியுங்கள், தயாராகிப் பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றுங்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. அந்தப் பத்தில் ஏழைத் தின்றுவிட்டு மிச்சத்தை முழு விலைக்கு விற்பது எந்த ஊர் நியாயம்? பில்லை நீட்டினேன். "இதுல தேதி எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்றார். "புது டயர் – 6" என்று மட்டும்தான் இருக்கிறது. அளவு கூட இல்லை. அந்த வரி ஏன் அவ்வளவு குட்டையாக எழுதப்பட்டது என்று இப்போது தெரிகிறது. திரும்பும்போது பார்த்தேன், அன்றைக்கு எனக்குக் காட்டின அதே டயர் அதே ஸ்டாண்டில், ஸ்டிக்கர் கூடக் கிழியாமல் நிற்கிறது. அடுத்த ஆளுக்குக் காட்ட.

டயர் கம்பெனிக்கு எழுதினேன், விற்றவரிடம் கேளுங்கள் என்று இரண்டு வரிப் பதில். கடை கடைசியாகச் செய்த சமாதானம் என்ன தெரியுமா? அடுத்த முறை அங்கேயே ஆறு டயர் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி. ஆறு டயர்க் காசைத் தின்றவன் இன்னொரு ஆறு டயர்க் காசுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இன்சூரன்ஸ்காரர்கள் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள், முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். காட்சிக்கு வைத்த டயரின் தேதியைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. உங்கள் வண்டிக்கு ஏறப் போகிற டயர்களை, ரிம்மில் மாட்டும் முன், ஒவ்வொன்றாகப் பார்த்துப் படமெடுங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் வெளியே உருட்டி வரச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வண்டியைத் திருப்புங்கள். அளவு, லோடு இண்டெக்ஸ், ஆறு டயரின் தேதிக் குறியீடு எல்லாம் பில்லில் எழுதி வாங்கும்வரை காசு முழுசாகக் கட்டாதீர்கள். டிரெய்லருக்கான எஸ்டி டயரைப் பொருந்துகிறதே என்று மோட்டார்ஹோமுக்குத் தள்ளிவிடுவார்கள், வேண்டவே வேண்டாம். கேம்பர் வேன்களுக்கென்றே வருகிற சிபி முத்திரை டயர் உங்கள் சைஸில் இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள். வால்வைக் கையால் தொட்டுப் பாருங்கள், உலோகமா ரப்பரா என்று. மாட்டிக் கொஞ்ச தூரம் ஓடினதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், அதை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

இன்னொன்று, வெடித்த டயரை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கணும், கொண்டு வந்து போடுங்க மேடம்" என்று நேற்று சாயங்காலம் என்னிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்கள். கொடுத்தால் அந்த நாலு இலக்கமும் அதோடு போய்விடும். மீதி ஐந்தையும் நாளைக்குக் கழற்றுகிறோம், ஆறும் என் வீட்டில்தான் இருக்கும்.