தெருக்கடையா, காம்ப்ளெக்ஸ் கடையா? மெயின்டெனன்ஸ் கணக்கைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

சென்னையில் அசோக் நகர், கே.கே. நகர், மேற்கு மாம்பலம் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏதாவது ஒரு கட்டடம் பச்சை வலை போர்த்திக்கொண்டு நிற்கிறது. வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும் பழைய தனியார் ஃப்ளாட்டுகளும் இடிபட்டு, இரண்டு மடங்கு வீடுகளோடு எழும்புகின்றன. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம் என்பதால் இது இன்னும் வேகமெடுக்கும். வீடு கூடினால் வியாபாரமும் கூடும் என்று கடை தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித் தேடித்தான் காபிப் பொடிக் கடை போட்டேன்.

எனக்கு இருந்தவை இரண்டு வழிகள். புதிதாக வந்த வணிக வளாகத்துக்குள் ஒரு கடை, அல்லது தெருவைப் பார்த்த தரைத்தளத்தில் ஒரு ஷட்டர். நான் எடுத்தது ஷட்டர். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வளாகத்தின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: ஏசி, ஜெனரேட்டர், காவலாளி, கழிப்பறை, வண்டி நிறுத்த இடம். தெருவில் இதில் ஒன்றும் கிடையாது. ஐப்பசி மழைக்கு வாசற்படி வரை தண்ணீர் வரும். வாடகை, நான் விசாரித்தவரை, சதுர அடிக்கு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசமெல்லாம் மெயின்டெனன்ஸில்தான். வளாகத்தில் அதைக் கடையின் உள்ளளவுக்குப் போடமாட்டார்கள். வராந்தா, லிஃப்ட், படிக்கட்டு எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்த சூப்பர் பில்ட்அப் அளவுக்குத்தான் போடுவார்கள். உதாரணத்துக்கு, நாம் புழங்குகிற இடம் 300 சதுர அடி, ஒப்பந்தத்தில் 500 என்று இருக்கும். சதுர அடிக்கு 18 ரூபாய் என்று வைத்தால் மாதம் 9,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 10,620 ரூபாய். காபிப் பொடியில் கிலோவுக்கு 100 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 106 கிலோ விற்றால்தான் வராந்தா விளக்கும் லிஃப்டும் ஓடும். வாடகை, கரண்ட், கடைப் பையன் சம்பளம் எல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்று. என்னைப் போல காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டுவது) இருக்கிற சிறு வியாபாரிக்கு உள்ளீட்டு வரியை, அதாவது தான் வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, கழித்துக்கொள்ளும் வசதி கிடையாது. அந்த 1,620 ரூபாய் போனது போனதுதான். வளாகத்து வாடகைக்கும் அதே 18 சதவீதம் உண்டு. தெருக்கடை உரிமையாளர் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனிநபர், மாடியிலேயே குடியிருப்பார். அவருக்குக் கொடுக்கும் வாடகையில் காம்போசிஷன்காரருக்கு வரிச் சுமை இல்லை.

பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தாலும் மெயின்டெனன்ஸ் பாதியாகக் குறையாது. புது வளாகம் நிரம்பும்வரை ஆளில்லாத வராந்தாவுக்கு ஏசி போடுவது முதலில் வந்த நான்கு கடைக்காரர்கள்தான். கடைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விற்றுவிட்ட வளாகமென்றால் இன்னும் சிக்கல். அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசா அப்படிப் பலர் கைக்குப் போனது. 2010-இல் வந்த எக்ஸ்பிரஸ் அவென்யூவில் கடைகளெல்லாம் வாடகைக்குத்தான். எந்தக் கடை எங்கே வரவேண்டும், எப்போது ரிப்பேர் என்று ஒரே கை முடிவு செய்கிறது. இரண்டிலும் ஒரு சுற்று சுற்றி வந்தால் புரியும். நம் பேட்டையில் வரும் சின்ன வளாகங்கள் பல ஸ்பென்சர் ரகம்.

மாடிக் கடை வாடகை குறைவு என்பார்கள். பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013-இல் மாநகராட்சி வளாகத்துக்கு மாற்றியபோது, வாடிக்கையாளர் மேலே ஏறி வருவதில்லை என்பதுதான் அவர்களுடைய பெரிய புகார். காபிப் பொடிக்கு அது இன்னும் பொருந்தும். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “அண்ணே, பீபெர்ரி கால் கிலோ, எண்பதுக்கு இருபது சிக்கரி” என்பார்கள். மெஷின் ஓடும்போது எழும் வாசனை அடுத்த முனை வரை போய் ஆள் கூட்டிவரும். நான் பார்த்த வளாகத்தில் அரைக்கும் மெஷின் சத்தத்துக்கும் வாசனைக்கும் தனி அனுமதி கேட்டார்கள்.

தெருக்கடையிலும் வில்லங்கம் உண்டு. எதிர் ஃப்ளாட் இடிபட்டால் அங்கிருந்த வாடிக்கைக் குடும்பங்கள் எல்லாம் இரண்டு மூன்று வருஷத்துக்கு போரூர், வளசரவாக்கம் என்று போய்விடும். திரும்பி வருகிறவர்கள் நம்மிடமே வருவார்களா என்பது போகப் போகத்தான் தெரியும். நம் கட்டடமே ஜாயின்ட் வென்ச்சருக்கு, அதாவது உரிமையாளரும் பில்டரும் கூட்டாக இடித்துக் கட்டுவதற்கு, போகலாம். இடித்துக் கட்டுவது, காலி செய்யச் சொல்ல வாடகைச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. புதுக் கட்டடத்தில் நமக்கு முதல் உரிமை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம், அங்கீகரித்த வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் வாகன நிறுத்தம் என்று இருக்கிற இடத்தில் ஷட்டர் போட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், சீல் வைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

துணிக்கடை, பியூட்டி பார்லர், பிள்ளைகள் விளையாடும் இடம் இதற்கெல்லாம் என் கணக்கு பொருந்துமா என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆள் உட்கார்ந்து நேரம் செலவழிக்கிற தொழிலுக்கு ஏசியும் கழிப்பறையும் காசு கொடுக்கத் தகுந்தவையாக இருக்கலாம். அப்படி நீங்கள் வளாகத்துக்கே போனாலும் இரண்டு விஷயங்களைப் பேசிப் பாருங்கள்: மெயின்டெனன்ஸ் உள்ளளவுக்கு மட்டும், முக்கால்வாசிக் கடைகள் திறக்கும்வரை அதிலும் பாதி. முதல் தளம் காலியாகக் கிடக்கும்போது பில்டர் இறங்கி வருவார். நிரம்பிய பிறகு பேசிப் பயனில்லை.