ஆர்வியில் ஒரு ராத்திரி தங்க இடம்: நாலு வருட அனுபவம்

டாலஸில் பழைய 24 அடி ஆர்வி (உள்ளேயே படுக்கை, சமையல் வசதி உள்ள வண்டி) ஒன்றை வாங்கி நாலு வருடம் ஆகிவிட்டது. கிராண்ட் கேன்யனில் எங்கே தங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போகிற வழியில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து கிளம்ப எங்கே நிறுத்துவது? எங்களுக்குத் தலைவலி கொடுத்தது அதுதான்.

முதல் வருடம் 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்பினோம். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு முகாமில், அதாவது ஆர்விகள் காசு கட்டித் தங்கும் இடத்தில், வண்டியைப் பின்னால் எடுக்கிறேன். மனைவி டார்ச் அடித்து, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்கிறாள். பின்பக்க ஏணி மரக்கிளையில் மாட்டி வளைந்தது. ஏணியை நிமிர்த்தியாயிற்று, அந்த "இன்னும் வாங்க" வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு ராத்திரித் தங்கலுக்கு 'புல்-த்ரூ' இடம்தான், அதாவது ஒரு பக்கம் நுழைந்து நேராக மறுபக்கம் வெளியேறுவது. ஐந்து, பத்து டாலர் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது பாடம் அரிசோனாவில், ஐ-40 நெடுஞ்சாலைப் பக்கத்து முகாம் ஒன்றில். சுத்தமான குளியலறை, நல்ல நிழல், படித்த விமர்சனமெல்லாம் பாராட்டு. பதினொரு மணிக்கு முதல் சரக்கு ரயில் வந்தது. இந்த நாட்டில் சாலையைக் கடக்கும் இடத்தில் பொதுவாக ரயில் ஹாரன் அடித்தாக வேண்டும்: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். எத்தனை ரயில் என்று எண்ண ஆரம்பித்து ஒன்பதோடு விட்டுவிட்டேன். மேற்கே பல இடங்களில் நெடுஞ்சாலையும் தண்டவாளமும் ஒட்டியே போகின்றன. இப்போது முன்பதிவுக்கு முன்னால் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டுத் தண்டவாளம் எங்கே என்று பார்த்துவிடுவேன்.

இலவச இடங்களைப் பற்றியும் கேட்பீர்கள். வால்மார்ட் கடை வாசலில் ராத்திரி நிறுத்த விடுவார்களா என்பது கடைக்குக் கடை மாறும். மேலாளர் சரி என்றாலும் ஊர்ச் சட்டம் விடாமல் போகலாம். மதியமே போன் செய்து கேட்டுவிடுவது நல்லது. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் டெக்சாஸ் தாராளம், 24 மணி நேரம் நிறுத்தலாம். கலிபோர்னியாவில் 8, புளோரிடாவில் 3தான். அதில் குட்டித் தூக்கம்தான் போடலாம். டிரக் ஸ்டாப்பை (லாரிகள் நின்று ஓய்வெடுக்கும் இடம்) நான் கடைசியாகத்தான் வைத்திருக்கிறேன். பக்கத்தில் குளிர்சாதன டிரக் நின்றால் விடிய விடிய இரைச்சல். அதோடு, சட்டப்படி டிரக் டிரைவர்கள் ஒரு ஷிஃப்டில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நேரம் முடிந்து வருகிறவர் இடத்தில் நாம் சுகமாகப் படுத்திருப்பது எனக்கு உறுத்தும்.

ஒன்று மட்டும், ஜூலை, ஆகஸ்டில் இந்த இலவசமெல்லாம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஏசி இல்லாமல் உள்ளே இருக்க முடியாது. ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் போட்டால் அடுத்த வண்டிக்காரர் சும்மா இருப்பாரா? 30 ஆம்ப் மின் இணைப்புள்ள முகாமுக்குப் பணம் கட்டிவிடுவேன்.

தரை மட்டமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வண்டி சாய்ந்து நின்றால் எங்கள் பழைய கேஸ் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது. நீர்மட்டம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் மனைவி அதை நம்புவதில்லை. தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் விடுவாள். அது ஒரு மூலைக்கு ஓடினால், "இறங்கிக் கட்டை வையுங்க" என்று உத்தரவு வரும்.

இப்போது வழக்கம் இதுதான். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதே ராத்திரி இடத்தை முடிவு செய்கிறோம், ஐந்து மணிக்குள் போய்ச் சேர்கிறோம். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை. கழிவுக் குழாய் இணைப்புக்குத் தனியாகக் காசு கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். எங்கள் மூன்று பேருக்குக் கழிவுத் தொட்டி மூன்று நாள் தாங்குகிறது; அப்புறம் வழியில் ஏதாவது டம்ப் ஸ்டேஷனில், அதாவது கழிவைக் கொட்டும் இடத்தில், காலி செய்கிறோம். அந்த வேலை மட்டும் நாலு வருடமாக என் தலையில்தான்.