போலியோ: சொட்டு மருந்தா, ஊசியா?

1955-இல் வந்த, அமெரிக்க மருத்துவர் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். சில ஆண்டுகள் கழித்து வந்த, இன்னொரு அமெரிக்க மருத்துவர் சேபினின் சொட்டு மருந்தில் இருப்பதோ உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த வைரஸ். மற்ற வேறுபாடெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஊசி போட்ட குழந்தைக்கு வாதம் வராமல் பாதுகாப்பு கிடைக்கும், சரி. ஆனால் குடலில் வைரஸ் பெருகுவதை அது பெரிதாகத் தடுக்காது, அதனால் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் வைரஸ் மலம் வழியே சாக்கடைக்குப் போய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தொற்றலாம். சொட்டு மருந்து குடலிலேயே காவல் நிற்கும். விலையும் குறைவு. பேருந்து நிலையத்தில்கூட இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பிவிடலாம். குப்பியின் மேல் ஒரு வட்டம், உள்ளே வெளிறிய சதுரம் இருக்கும்; சூடுபட்டு சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கருத்துவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ (மருந்திலிருந்து வராமல் இயல்பாகப் பரவும் வைரஸால் வருவது) நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில் ஒரு சிறுமி. அதற்குப் பிறகு யாருமில்லை என்றால், என் கணக்கில் பெரும் பங்கு சொட்டு மருந்துக்கே.

ஆனால் ஒன்று, பாதிப் பிள்ளைகள் மருந்து எடுக்காத ஊரில் அந்த வலுவிழந்த வைரஸே ஆள் மாறி ஆள் பரவி மறுபடி வாதம் தரும் அளவுக்கு மாறிவிடலாம். 2016-இல் சொட்டிலிருந்து, போலியோ வைரஸின் மூன்று வகைகளில் இரண்டாம் வகையை நீக்கியது இதனால்தான். ஊசியில் இந்த ஆபத்து அறவே இல்லை.

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் ஒழியும்வரை சொட்டைக் கைவிட முடியாது என்றே நினைக்கிறேன். இந்தியாவில் இப்போது இரண்டும் உண்டு, ஊசி போட்டாச்சே என்று சொட்டு மருந்து முகாமுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.